கணக்கு எங்கே?

"கணக்கு எங்கே?"

இரண்டே சொற்கள். கேட்பவன் ஏழையாக இருக்கலாம், எழுத்தறியாதவனாகவும் இருக்கலாம். ஆயினும், இந்தக் கேள்வி எழும் நாட்டிலே அதிகாரம் அடக்கமாக இருக்கிறது. எழாத நாட்டிலே அதிகாரம் ஆட்டம் போடுகிறது. மன்னர் ஆண்ட காலம், வணிகக் கூட்டம் ஆண்ட காலம், மக்கள் தம்மைத் தாமே ஆளும் காலம், எக்காலமாயினும் சரி, ஆட்சியின் அறத்தை அளந்து காட்டும் கோல் இந்தக் கேள்விதான். இதைக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று ஆராய்ந்தால், நாட்டின் வரலாறே நம்முன் விரிந்துவிடும். அந்த ஆராய்ச்சிக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காஞ்சியைச் சுற்றியுள்ள கல்லும் செம்பும் போதும்.

காஞ்சியிலிருந்து வாலாசாபாத் செல்லும் வழியிலே இருக்கிறது ஐயம்பேட்டை. நெசவாளர் வாழும் ஊர். கணக்கு என்றால் என்ன என்று அவ்வூராருக்கு எவரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை. பட்டையும் சரிகையையும் முதலாளி தராசிலே நிறுத்துக் கொடுக்கிறார். பாவு ஓடுகிறது, ஊடை பாய்கிறது, கோர்வை போடுகிறார்கள், நாள் கழிகிறது, முதுகு வளைகிறது. சேலை முடிந்து முதலாளி வீட்டுக்குப் போகும்போது, மறுபடியும் தராசு! கொடுத்த எடை என்ன, வந்த எடை என்ன, மிஞ்சிய சரிகை எங்கே என்று கேள்வி. குறைந்தால் கூலியிலே பிடிப்பு. நெசவாளி முகம் சுளிப்பதில்லை. பிறர் பொருள் தன் கையிலே இருந்தது, ஆகவே கணக்குக் காட்ட வேண்டியது தன் கடமை என்பதை அவன் அறிவான்.

இழைக்கு இழை கணக்குக் காட்டும் அந்தக் கை, ஊர்ப் பணத்தை ஆளுபவரைப் பார்த்து, "உமது கணக்கு எங்கே?" என்று நீளலாகாதா? நீளலாம் என்று இன்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர, நாம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்திருக்கிறோம்.

பயணத்தை உத்தரமேரூரிலிருந்து தொடங்குவோம். காஞ்சிக்குத் தெற்கே உள்ள ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம் ஆட்சியாண்டிலும் 14 ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919 இலும் 921 இலும் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் உள்ளன. வெங்கையா என்னும் கல்வெட்டறிஞர், தொல்பொருள் துறையின் 1904-05 ஆம் ஆண்டறிக்கையிலே இவற்றை விரிவாக எழுதி உலகறியச் செய்தார். அன்று முதல் இக்கல்வெட்டுகள் மேடைதோறும் முழங்குகின்றன. 2020 ஆம் ஆண்டு திசம்பரில், தில்லியிலே புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கால்கோள் விழா நடந்தபோதும் உத்தரமேரூரின் பெயர் உரைக்கப்பட்டது.

பெருமைக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெருமை பேசுவோரில் பலர் சுவரைப் பார்க்கிறார்கள், எழுத்தைப் படிப்பதில்லை. நாம் படிப்போம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்று நாம் சொல்லும் வட்டம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையிலே எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, முப்பது கட்டுகளையும் குடத்திலே இடுவர். சிறியோரும் பெரியோருமாகச் சபை நிறைய வந்து அமர்ந்திருக்க வேண்டும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் காணக் காட்டுவார். ஏதுமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்திலே இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏந்த வேண்டும்! விரல் மடக்கினால் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடுமல்லவா? பிறகு அவன் படிப்பான். நம்பிமார் அனைவரும் படிப்பர். இப்படி முப்பதின்மர். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கும் இவ்வாறே குடவோலை. பதவிக்காலம் 360 நாள். இடையிலே குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

இது வாக்கெடுப்பு அன்று, குலுக்கல் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பண்டைய ஏதென்சு நகரிலும் ஐந்நூற்றுவர் அவைக்குக் குலுக்கல் முறையிலேதான் ஆள் எடுத்தனர். சீட்டு விழுந்தவன் செல்வாக்குத் தேட வேண்டியதில்லை, பந்தி வைக்க வேண்டியதில்லை என்பது அம்முறையின் நன்மை.

ஆனால் உத்தரமேரூரின் உண்மையான உயர்வு குடத்திலே இல்லை. குடத்துக்குள்ளே போகக்கூடாத பெயர்களின் பட்டியலிலே இருக்கிறது.

முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை எழுதலாகாது. அவனோடு நின்றதா விதி? இல்லை! அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மருமகன், மாமன், அத்தை மகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், மைத்துனன் என்று உறவு முறை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்கள் பெயரையும் எழுதலாகாது என்கிறது கல்வெட்டு. ஏன் இத்தனை கடுமை? கணக்குக் காட்டாதவன் மைத்துனனை முன்னே நிறுத்தி, பின்னே நின்று ஆள்வான் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. பொது வாழ்விலே பினாமி என்னும் நோய் நேற்றுப் பிறந்தது அன்று; அதற்கு மருந்தும் நேற்றுக் கண்டது அன்று.

கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் பெயரும் கூடாது. ஒருவரே அமர்ந்து, அமர்ந்து, ஆசனமே தமது என்று எண்ணிவிடக் கூடாதல்லவா? கழுதை மேல் ஏற்றித் தண்டிக்கப்பட்டவன் கூடாது. பொய்யாவணம் எழுதியவன் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது. கையூட்டு வாங்கியவன் கூடாது. ஆம், கையூட்டு என்னும் அதே சொல்! ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே அந்தச் சொல் கல்லிலே ஏறியிருக்கிறது.

கையூட்டு வாங்கியவன் பிராயச்சித்தம் செய்து சுத்தனாகிவிட்டால்? அப்போதும் கூடாது, ஆயுள் முழுதும் கூடாது என்கிறது கல்வெட்டு. இந்த ஒரு வரியை நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதியவர்கள் வேதம் ஓதியவர்கள். பாவத்துக்குப் பரிகாரம் உண்டு என்று ஊருக்கெல்லாம் உரைத்தவர்கள். நீராடினால் போகும், தானம் தந்தால் தீரும், சடங்கு செய்தால் கழியும் என்று கூறியவர்கள். அவர்களே, ஊர்ப் பணம் என்று வந்தபோது, பரிகாரத்தை நம்பவில்லை! சடங்கு அவனைக் கோயிலுக்குள் சேர்க்கலாம், வாரியத்துக்குள் சேர்க்காது என்று கதவை அடைத்துவிட்டனர். பொது வாழ்வின் ஒழுக்கம் வேறு, புரோகிதன் தரும் தூய்மை வேறு என்பதை ஒப்புக்கொண்ட சான்று இது. கோடி கோடியாகச் சேர்த்துவிட்டு உண்டியலிலே ஒரு பங்கைப் போட்டு, ஊரார் முன்னே உத்தமர்போல் உலவுவோர் உள்ள நாட்டிலே, இந்த வரியைத் தெருமுனைதோறும் எழுதி வைத்தாலும் தகும்.

கணக்கு எழுதுபவனுக்கும் விதி உண்டு. நேர்வழியிலே பொருளீட்டுபவனே கணக்கெழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து பெரியோரிடம் காட்டி, சுத்தன் என்று பெயர் பெற்ற பிறகுதான் மீண்டும் அப்பணிக்கு வரலாம். ஒருவன் எழுதிய கணக்கை மற்றொருவன் புகுந்து முடித்துக் கொடுக்கலாகாது. பழி வந்தால், "நான் எழுதவில்லை, அவன் எழுதினான்" என்று கை காட்டித் தப்பும் வழி அடைபட்டது.

இவ்வளவும் சிறப்பு. இனி, மறுபக்கம்.

குடத்திலே பெயர் விழ என்ன தகுதி வேண்டும்? வயது 35 க்கு மேல், 70 க்குக் கீழ். இருக்கட்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். அரைக்கால் வேலி நிலமே உடையவனாயின், ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனாக இருக்க வேண்டும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பார்ப்பனருக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். அந்தச் சபை அவர்களது சபை.

ஆக, ஏரி வாரியம் இருந்தது. ஏரி மண்ணைச் சுமந்தவன் வாரியத்திலே இல்லை. தோட்ட வாரியம் இருந்தது. தோட்டத்திலே நீர் இறைத்தவன் இல்லை. பொன் வாரியம் இருந்தது. உலையிலே பொன்னை உருக்கியவன் இல்லை. நெய்தவன் இல்லை, வனைந்தவன் இல்லை, உழுதவன் இல்லை. பெண்? எந்தக் குடும்பிலும், எந்த ஓலையிலும் பெண் இல்லை. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவன்? அவன் இருக்குமிடத்துக்கு இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டு பெயரே சூட்டியிருக்கிறது: தீண்டாச்சேரி! வரி நீக்கப் பட்டியலிலே அச்சேரிக்கு இடம் உண்டு. சபையிலே இடம் இல்லை.

தெற்கே, நெல்லைச் சீமையில் உள்ள மானூரிலே, உத்தரமேரூருக்கும் நூறாண்டு முந்திய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையிலே எதற்கெடுத்தாலும் "இல்லை, இல்லை" என்று மறித்து நிற்போருக்கும், அவருக்குத் துணை நிற்போருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது அது. சபை நடத்தையைப் பற்றி அத்தனை கவலை! அங்கும் பேசத் தகுதி, நிலமும் வேதமுமே. சபைக்கு வெளியே நிற்பவன் "இல்லை" என்று சொல்லவும் முடியாது. சொன்னதற்காகத் தண்டம் கட்டவும் முடியாது. அவனுடைய குரலுக்கு ஐந்து காசு மதிப்பும் கிடையாது.

"அந்தக் காலத்திலே உலகமே அப்படித்தானே இருந்தது? ஏதென்சிலே அடிமைக்கும் பெண்ணுக்கும் அவையிலே இடம் இருந்ததா?" என்று கேட்பர். இல்லைதான். நாம் பராந்தகன் காலத்தவரைக் குற்றக்கூண்டிலே நிறுத்தவில்லை. இன்று அந்தச் சுவரைக் காட்டி, "இதோ எமது மக்களாட்சி" என்று மார்தட்டுவோரிடம்தான் கேட்கிறோம்: மக்கள் என்று நீங்கள் எண்ணியது எவரை?

குடவோலை முறையே வேதம் ஓதியவர்கள் கண்டதுதானா? அதுவும் இல்லை. அகநானூற்றிலே மருதன் இளநாகனார் பாடிய பாட்டொன்றில், கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தைத் திறந்து ஓலைகளை எடுப்போர் உவமையாக வருகின்றனர். உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டே சொல்லப்படும். ஆகவே பராந்தகனுக்குப் பல நூற்றாண்டு முன்பே, தமிழகத்திலே குடமும் ஓலையும் ஊரறிந்த வழக்கு. யாரைத் தேர்வது, எப்படித் தேர்வது, தேர்ந்த பின் எவ்வாறு பணி கொள்வது என்பதற்குத் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று தனித்தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அங்கே அறிவும் ஒழுக்கமும் ஆராயப்படுகின்றன. நிலம் தகுதியாக வைக்கப்படவில்லை.

"நெசவாளியிடமும் வணிகனிடமும் பொதுப் பணத்தைக் கொடுத்தால் நடக்குமா? ஓதியவன் கையிலே இருந்தால்தானே ஒழுங்கு இருக்கும்?" என்றொரு வாதம் எக்காலத்திலும் உண்டு. இன்று சொல்லை மாற்றி, 'தகுதி', 'திறமை' என்று சொல்கிறார்கள். இந்த வாதத்துக்கு விடை காஞ்சியிலேயே கிடைக்கிறது. கல்லிலே அன்று, செம்பிலே.

சென்னை அருங்காட்சியகத்திலே உத்தம சோழனின் செப்பேடுகள் உள்ளன. பராந்தகன் கல்வெட்டுகளுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு பிற்பட்டவை. முதல் ஏடுகள் கிடைக்கவில்லை. கிடைத்தவை சொல்லும் செய்தி அரியது. காஞ்சி ஊரகத்துக் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், வரவும் செலவும் பற்றிய ஆவணம் அது. கச்சிப்பேட்டுச் சந்தையிலே நிறைகோலுக்கும் கால் அளவுக்கும் வாங்கும் கூலி அக்கோயிலுக்குரிய வருவாய். ஊர்களிலே முதலீடு செய்த பொன்னுக்கு வட்டியும் உண்டு. நகரிலே கருளான்பாடி, கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி என்று நான்கு சேரிகள். அங்கே குடியிருந்தோர் பட்டசாலியர், நெசவாளர்!

இவர்களுள் கஞ்சகப்பாடியாரும் எற்றுவழிச்சேரியாருமே கோயில் காரியத்தைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெற்றனர். திருவிழா முடிந்ததும் கணக்கு ஆராயப்பட வேண்டும்; நகரத்து ஆண்டு வாரியத்தாரோடு சேரியாரும் அந்த ஆராய்ச்சியிலே அமர வேண்டும் என்பது ஏற்பாடு. வேதம் கேட்கவில்லை; பாடியம் கேட்கவில்லை. நூலை எண்ணத் தெரிந்தவன் நெல்லை எண்ணுவான். சரிகையை நிறுக்கத் தெரிந்தவன் பொன்னை நிறுப்பான் என்று அரசு நம்பிற்று.

உத்தரமேரூருக்கும் காஞ்சிக்கும் இடையே ஒரு நாள் நடை. அங்கே நெசவாளன் பெயர் குடத்துக்குள்ளே போகவில்லை. இங்கே நெசவாளன் கணக்கைத் தணிக்கை செய்தான். அதே நூற்றாண்டு, அதே சோழர், அதே தொண்டை மண்டலம். ஒழுக்கமான நிருவாகத்துக்குக் குலம் ஒரு தகுதி என்ற கதை, ஒரு நாள் நடைக்குள்ளேயே பொய்த்துப் போகிறது! காஞ்சியிலும் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. அது கோயிற் பணிக்கென மன்னர் குடியேற்றிய நெசவாளரின் உரிமை, அவ்வளவே. ஆயினும் கதவு திறக்கக்கூடியது என்பதைக் காட்ட, ஒரு முறை திறந்ததே போதும்.

கணக்கு எதற்காக? ஏட்டை நிரப்புவதற்காகவா? வாலாசாபாத்துக்கு அருகே, பாலாற்றங்கரையிலே திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று, வீரசோழன் என்னும் ஆதுலசாலையைப் பற்றிக் கூறுகிறது. நோயாளிக்குப் படுக்கை 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், பணி செய்யப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு. இருப்பிலே இருக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும்கூடக் கல்லிலே! இந்த அளவை யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? படுக்கை பதினைந்து பத்தாகும், மருந்து பாதியாகும், நெல் எவர் வீட்டுக் குதிருக்கோ போகும். நோயாளி சாவான், ஏட்டிலே மட்டும் நலமாக இருப்பான். கணக்கு ஏழையின் உயிர்க்காப்பு என்று நாம் சொல்வது அதனாலேதான்.

கணக்குக் கேட்பார் இல்லாத காலத்தையும் இந்த மண் கண்டிருக்கிறது. வாலாசாபாத் என்ற பெயரே அதை நினைவூட்டும். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாசா 1749 முதல் 1795 வரை ஆண்டார். பதவியைக் காத்துக்கொள்ளப் படை வேண்டும்; படைக்குப் பணம் வேண்டும்; பணத்துக்குக் கடன் வேண்டும். கடன் கொடுத்தவர்கள் யார்? கிழக்கிந்தியக் கம்பெனியிலே சம்பளம் வாங்கிய ஊழியர்களே! கம்பெனிக்கு ஊழியர், நவாபுக்குக் கடன்காரர், குடியானவனுக்குக் கொடுங்கோலர் — ஒரே ஆளுக்கு மூன்று வேடம். கடனுக்கு ஈடாகச் சீமைகளின் வரி வருவாய் எழுதித் தரப்பட்டது. விதைத்தவன் வயிற்றிலே அடித்து வட்டி வசூலாயிற்று. இவர்களிலே பேர்போன பால் பென்ஃபீல்டு, சேர்த்த பணத்தோடு இங்கிலாந்துக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினராகவே அமர்ந்தார். 1785 பிப்ரவரியிலே எட்மண்டு பர்க்கு, நவாபின் கடன்களைப் பற்றி அம்மன்றத்திலே ஆற்றிய உரை புகழ்பெற்றது. உரை முழங்கியது, கடன் செல்லுமென்றே தீர்ந்தது.

பின்னர், 1805 இல் ஏற்பாடான ஆணைக்குழு ஒன்று, கர்நாடகக் கடன்களை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கியது. வந்து குவிந்த கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கு மேல். ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த பின் மெய்யென்று ஏற்றது ஏறத்தாழ 27 இலட்சம் பவுன்! பதினொன்றில் ஒரு பங்குகூட மெய் இல்லை. கணக்குக் கேட்கப்பட்டபோதுதான் பொய் இவ்வளவு என்று தெரிந்தது. ஆனால் கேட்டவர் யார்? வெள்ளையர் அமர்த்திய ஆணையர். இந்த மண்ணிலே உழுதவனோ நெய்தவனோ கேட்க வழி இருந்ததா? வரி கொடுத்தவன் அவன். வாய் திறக்கும் உரிமை மட்டும் எவரிடமோ.

வெள்ளையர் ஆட்சியிலே அலுவலகங்கள் எழுந்தன; ஏடுகள் பெருகின; விதிகள் குவிந்தன. ஆயினும் அந்த அலுவலகங்களின் நாற்காலிகளிலே, சதுர்வேதிமங்கலத்துச் சபை மறுபிறவி எடுத்து அமர்ந்திருந்தது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1921 செப்டம்பர் 16 ஆம் நாள் பிறப்பித்த வகுப்புவாரி ஆணை, அந்த நாற்காலிகளைப் பார்த்து எழுப்பிய கேள்வி. வேலை யாருக்கு எவ்வளவு போயிற்று என்று கணக்குக் கேட்ட முதல் ஆணை அது என்றே சொல்லலாம். அதே 1921 இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமைத் தடையை நீக்கிற்று. 1929 இல் மாகாணத் தேர்வாணையத்துக்குச் சட்டம் செய்தது. இந்தியாவிலே மாகாணமொன்று கண்ட முதல் தேர்வாணையம் அது. மாமன், மைத்துனன், மருமகன் என்று உத்தரமேரூர்க் கல்லிலே விலக்கப்பட்ட உறவுப் பட்டியல், பதவி வழங்குமிடத்திலே விலக்கப்படத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு குடியரசு வந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு அரசமைப்பிலேயே இடம் தந்த 73 ஆம் திருத்தம் 1993 இல் நடைமுறைக்கு வந்தது. 1994 இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஆதி திராவிடருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவியிலேயே ஒதுக்கீடு! ஆயிரம் ஆண்டாகக் குடத்துக்கு வெளியே நின்ற பெயர்கள், சட்டத்தின் கையால் உள்ளே இடப்பட்டன.

ஊர் ஏற்றதா? மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சி, 1996 இல் ஆதி திராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30 ஆம் நாள், மதுரை சென்று மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலகத்திலே முறையிட்டுத் திரும்பும் வழியிலே, பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவரோடு மாண்டவர் ஐவர். அவர் செய்த குற்றம்? கையூட்டா? பொய்யாவணமா? கணக்குக் காட்டாமையா? ஒன்றுமில்லை! அவர் பெயர் குடத்திலிருந்து வெளியே வந்தது, அதுவே குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளிலே, 1996 முதல் பத்தாண்டு காலம் தேர்தலையே நடக்கவிடவில்லை. நின்றவரைப் பதவி விலகச் செய்தனர். 2006 இலேதான் அங்கே தலைவர்கள் நிலையாக அமர முடிந்தது.

நல்லாட்சி, நேர்மை என்று பேசுவோரிலே சிலர், சாதியைத் தனிப் பிரச்சினையாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஊழலை மட்டும் ஒழித்துவிடலாம் என்று எண்ணுகின்றனர். மேலவளவு அவர்களுக்கு விடை சொல்கிறது. கணக்குக் கேட்கத் தலைவன் நாற்காலியிலே அமர்ந்திருக்கவேண்டும். அவனை அமரவே விடாத ஊரிலே கணக்கு ஏது? ஏரி மீன் ஏலம், புறம்போக்கு மரம், ஊர்ப் பொதுப்பணம் ஆகியவை எவர் கையிலே இருக்கின்றன என்று ஒதுக்கப்பட்டவன் ஏட்டைத் திறந்து பார்த்துவிடுவானே என்ற அச்சம், சாதித் திமிருக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஊழலும் தீண்டாமையும் ஒரே பாயிலே படுத்துறங்கும் உடன்பிறப்புகள். ஒன்றை எழுப்பி விரட்டிவிட்டு, மற்றொன்றுக்குத் தலையணை தர முடியாது.

இன்று நம் கையிலே கருவிகள் இருக்கின்றன. தகவல் பெறும் உரிமைக்குத் தமிழ்நாடு 1997 இலேயே சட்டம் செய்தது. 2005 இல் இந்தியா முழுவதற்குமான சட்டம் வந்தது. பத்து உரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பம் எழுதி, "கணக்கு எங்கே?" என்று நெசவாளியும் கேட்கலாம். ஊரக வேலையுறுதித் திட்டம் சமூகத் தணிக்கை என்னும் முறையைக் கொண்டுவந்தது. எவர் பெயரால் கூலி எழுதப்பட்டதோ அவர் முன்னேயே ஏட்டைப் படித்துக் காட்டும் முறை. உள்ளாட்சியிலே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016 இல் சரிபாதியாக்கியது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிய கிராமசபைக்கு, பின்னர் மார்ச் 22 உம் நவம்பர் 1 உம் சேர்ந்தன. சபையிலே அமர வயது வந்த வாக்காளராக இருந்தால் போதும். வேலி நிலம் வேண்டாம்; வேதம் வேண்டாம்.

கருவி இருந்தும் கை நீளாவிட்டால்? தலைவர் நாற்காலியிலே பெண் பெயர், பேசுவது கணவர். கிராமசபை கூடுகிறது, தீர்மான ஏட்டிலே கையொப்பம் வாங்கி முடிகிறது. மைத்துனனை முன்னிறுத்தி ஆண்டவனைத் தடுக்க உத்தரமேரூரார் அன்று விதி செய்தனர். மனைவியை முன்னிறுத்தி ஆள்பவனைத் தடுக்க இன்று ஊரார் கேட்க வேண்டாமா? கணக்கேட்டை வாசிக்கும்போது, மத்தியஸ்தன் விரலை மடக்காமல் கை விரித்தது போல, ஒவ்வொரு வரவும் செலவும் எல்லோரும் காண விரிக்கப்பட வேண்டாமா?

உத்தரமேரூர்ச் சுவரை இடிக்கச் சொல்லவில்லை நாம். அதன் முன்னே நின்று வெறும் கைதட்டுவதற்கும் உடன்படவில்லை. அச்சுவரிலே இரண்டு எழுத்துகள் உள்ளன. ஒன்று, கணக்குக் காட்டாதவனுக்கும் கையூட்டு வாங்கியவனுக்கும் பொது வாழ்விலே மறுவாய்ப்பு இல்லை என்பது. மற்றொன்று, நிலமும் வேதமும் உடையவனே பொது மனிதன் என்பது. முன்னதை எடுத்துக்கொள்வோம், பின்னதைத் தள்ளுவோம். முன்னதைத் தள்ளிவிட்டுப் பின்னதை மட்டும் நடத்திப் பார்த்த ஊர்களின் கதி என்ன என்பதை மேலவளவு காட்டிவிட்டது. கஞ்சகப்பாடியாரும் எற்றுவழிச்சேரியாரும் செய்ததை, ஐயம்பேட்டையிலே தறியில் அமர்ந்திருப்பவர்களும், அவர்களைப் போலப் பிறர் பொருளுக்கு நாள்தோறும் கணக்குக் காட்டிப் பழகிய கோடிக்கணக்கானவர்களும் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

முதலாளியின் தராசுக்கு அஞ்சாமல் சேலையை வைப்பவன் நெசவாளி. ஊர்ப் பணத்தை ஆளுபவரும் அதே அஞ்சாமையோடு ஏட்டை வைக்கட்டும். வைக்கத் தயங்கினால், அடுத்த கிராமசபை நாள் எது என்று பார்த்து, வீட்டுக்கு ஒருவரேனும் அங்கே சென்று அமர்ந்து, உரக்கக் கேட்போம்:

"கணக்கு எங்கே?"